எங்கள் மனுவைத் தமிழிலேயே வாங்குங்கள்: மக்களவை மனுக்கள் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மக்களவை மனுக்கள் குழுத் தலைவர் அவர்களுக்கும், குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மும்பை ஆன்டாப் ஹில்லிலிருந்து எழுதுகிறேன். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மாலை நேரங்களில் எங்கள் பகுதிப் பெண்களுக்கு ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம், விதவை உதவித்தொகை என்று விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்கிறேன். இப்போது நாங்கள் எழுதிக்கொண்டிருப்பது வேறு ஒன்று. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு நாடு முழுவதற்குமான தனிச் சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு. அது உங்கள் குழுவுக்குத்தான் வரப்போகிறது. அதற்கு முன்னால், அந்த மனு வந்து சேரும் வழியைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

சாதாரணக் குடிமகள் ஒருத்தி சட்டம் கேட்டு நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டலாம் என்பது இந்த நாட்டில் மிகச் சிலருக்கே தெரியும். தெரிந்தவர்களிலும், இந்தியோ ஆங்கிலமோ எழுதத் தெரிந்தவர்களால்தான் தட்ட முடிகிறது. எங்கள் மனுவை எங்கள் மொழியிலேயே வாங்குங்கள், இத்தனை நாளுக்குள் பதில் என்று ஒரு கெடு வையுங்கள், மனு கொடுத்தவர்களை நேரில் கூப்பிட்டுக் கேளுங்கள். இவ்வளவுதான் கேட்க வந்தேன். ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தப் பெண்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடி, சேலம், விழுப்புரம் பக்கமிருந்து வந்த குடும்பங்கள். சிலர் இங்கேயே பிறந்து என்னிடமே படித்தவர்கள். விடிந்ததும் கோலியை, அதாவது ஒற்றை அறை வீட்டை, பூட்டிவிட்டு வடாலா, மாட்டுங்கா, சயான், செம்பூர் என்று கிளம்புவார்கள். ஒரு சொசைட்டியில் (அடுக்குமாடிக் குடியிருப்பில்) மூன்று வீடு, இன்னொன்றில் இரண்டு வீடு. பாத்திரம், துணி, பெருக்கித் துடைப்பது, சில வீடுகளில் சமையல், சில வீடுகளில் படுக்கையில் கிடக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது. சம்பளம் வாய்ப்பேச்சு. விடுப்பும் வாய்ப்பேச்சு. சொசைட்டி கேட்டில் இருக்கும் ஆப்பிலிருந்து வீட்டுக்காரம்மா இவர்கள் பெயரை எடுத்துவிட்டால் மறுநாள் வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார். அன்றோடு வேலை போயிற்று. ஏன் என்று கேட்க ஓர் இடமில்லை. வீட்டில் ஒரு மோதிரம் காணோம் என்றால் முதலில் சோதனை போடுவது இவர்கள் பையைத்தான்.

சட்டம் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். மகாராஷ்டிரத்தில் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு வேலைத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் வாரியம் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அடுத்தவர் வீட்டையும் பணியிடமாகவே எடுத்துக்கொள்கிறது, அது பெரிய விஷயம். ஆனால் எழுத்தில் வேலை ஒப்பந்தம், வேலை நேரம், வார விடுப்பு, வேலையை விட்டு நிறுத்தினால் முன்னறிவிப்பு, இதையெல்லாம் சேர்த்துச் சொல்லும் தேசியச் சட்டம் இல்லை. 2011இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இவர்களுக்கான சட்டப் பாதுகாப்பைப் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கும்படி ஒன்றிய அரசைக் கேட்டுக்கொண்டது. அந்தச் செய்தியைத் தமிழ்ப் பத்திரிகையிலிருந்து வாசித்துக் காட்டியபோதுதான் ஒரு பெண் கேட்டாள்: “நாம கேட்டா சட்டம் போட்டுருவாவளா டீச்சர்?”

போட்டுவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்கலாம் என்று சொன்னேன். கேட்பதற்கு வழி இருக்கிறது என்று, மக்களவை நடைமுறை விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு படித்துச் சொன்னேன்.

உங்களுக்குத் தெரிந்த விதிகள்தான், ஆனாலும் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். அவையில் அறிமுகமான மசோதாவைப் பற்றியும், அவை முன் நிலுவையில் உள்ள விவகாரத்தைப் பற்றியும், பொதுநலன் சார்ந்த எந்த விஷயத்தைப் பற்றியும் யார் வேண்டுமானாலும் மக்களவைக்கு மனு கொடுக்கலாம். எம்.பி. ஒருவர் மேலொப்பமிட்டு அவையில் தாக்கல் செய்யலாம், அல்லது மனுதாரரே மக்களவைப் பொதுச் செயலாளருக்கு அனுப்பலாம். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம் கூடாது. மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டிய விஷயமும் கூடாது. தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருப்பதால், ‘இது மாநிலத்தின் வேலை’ என்று எங்கள் மனுவைத் திருப்பமாட்டீர்கள் என்று நம்புகிறேன். மனு அவையை விளித்துத் தொடங்க வேண்டும், மரியாதையான மொழியில் இருக்க வேண்டும், என்ன வேண்டும் என்ற கோரிக்கையோடு முடிய வேண்டும். கையெழுத்துப் போடுபவரின் முழுப்பெயரும் முகவரியும் வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். மாநிலங்களவைக்கும் பத்து பேர் கொண்ட மனுக்கள் குழு தனியாக உண்டு.

இப்படி அனுப்பி எதுவும் நடந்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. நடந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கே அர்த்தமில்லை.

1982இல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக மைதானங்களும் மேம்பாலங்களும் எழும்பியபோது, அவற்றைக் கட்டிய கூலிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்கவில்லை என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகு, கட்டடத் தொழிலாளர்களுக்கு ஒரு மத்தியச் சட்டம் வேண்டும் என்று 1985இல் தொழிற்சங்கங்களும் அமைப்புகளும் சேர்ந்து தேசிய அளவில் ஒரு பிரச்சாரக் குழுவை உருவாக்கின. தலைமை ஏற்றவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். தமிழ்நாட்டின் கட்டடத் தொழிலாளர் சங்கத்தினர் அதில் முன்னணியில் நின்றார்கள். அவர்கள் வெறுமனே ‘எங்களுக்கு நல்லது செய்யுங்கள்’ என்று கேட்கவில்லை. சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று தாங்களே எழுதினார்கள். கையெழுத்துகளைத் திரட்டி, மனுவாக மக்களவையின் மனுக்கள் குழுவிடம், உங்கள் குழுவிடம், 1986இல் கொடுத்தார்கள். குழு அதை எடுத்துக்கொண்டு விசாரித்தது. 1996இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று வேலை நிலைமைகளுக்கு. மற்றொன்று கட்டுமானச் செலவில் ஒரு பங்கை வரியாக வசூலித்துத் தொழிலாளர் நல வாரியத்துக்குக் கொடுப்பதற்கு. பத்து ஆண்டுகள் பிடித்தது. இடையில் எத்தனை ஊர்வலம், எத்தனை தர்ணா என்பதும் அந்தக் கணக்கில் சேரும். மனு மட்டுமே சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் சித்தாள் வேலை செய்பவர்களின் கைநாட்டு ஒரு நாடாளுமன்றக் குழுவின் மேசையில் ஆவணமாக இருந்தது என்பது சாதாரணமானதல்ல. இங்கே நாக்காவில் (தெரு முனையில்) காலையில் வேலைக்குக் காத்து நிற்கும் நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இந்தச் சரித்திரம் தெரியும்?

இன்னொன்று எங்கள் வாசலிலேயே நடந்தது போன்றது. வடாலாவில் அக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை 1890 முதல் இருக்கிறது. வீடில்லாத தொழுநோயாளிகளை ஊரிலிருந்து ஒதுக்கி வைப்பதற்காகத் தொடங்கிய இடம். எங்கள் பேருந்து அந்தப் பக்கம் போகும்போது முன்பெல்லாம் சன்னல் கண்ணாடியை இறக்கிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். 1980களிலிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து, நோய் முழுதாகக் குணமாகிறது என்று ஆன பிறகும் சட்டப் புத்தகத்தில் ஒரு வரி அப்படியே இருந்தது: கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் அதைக் காரணம் காட்டி விவாகரத்து வாங்கலாம். குணமான பிறகும் குடும்பம் திரும்பக் கிடைக்காது என்பதற்குச் சட்டமே துணை நின்றது.

இதை மாற்றச் சொல்லி மாநிலங்களவைக்கு ஒரு மனு போனது. மனுதாரர்களில் ஒருவர் வட மும்பையின் முன்னாள் எம்.பி. ராம் நாயக். தொழுநோயிலிருந்து மீண்டவர்களின் அமைப்பும், அவர்களுக்காக உழைத்தவர்களும் சேர்ந்திருந்தார்கள். மாநிலங்களவை மனுக்கள் குழு அதை எடுத்து விசாரித்து 2008இல் தனது 131ஆவது அறிக்கையை அவையில் வைத்தது. ஒதுக்கி வைக்கும் சட்டப் பிரிவுகளை நீக்க வேண்டும் என்றது. பிறகு சட்ட ஆணையம் 2015இல் அதையே விரிவாகச் சொன்னது. 2019 பிப்ரவரியில் தனிநபர் சட்டங்கள் திருத்த மசோதா நிறைவேறியது. இந்து திருமணச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டம், முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் ஆகிய ஐந்திலிருந்தும் தொழுநோய் நீங்கியது.

அந்த அறிக்கைக்கும் அந்தச் சட்டத்துக்கும் நடுவில் பதினோரு ஆண்டுகள். மும்பையில் எத்தனை பேர் அந்த இடைவெளியில் தனியாகவே இறந்துபோனார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. ஆனாலும் ஒரு மனு ஐந்து சட்டங்களை அசைக்கும் என்பதை நான் இந்தக் கதையிலிருந்துதான் கற்றேன். அதைத்தான் எங்கள் பெண்களுக்கும் சொன்னேன்.

எம்.பி. வழியாகத் தனிநபர் மசோதா, அதாவது அமைச்சராக இல்லாத உறுப்பினர் தாமே கொண்டுவரும் மசோதா, கொண்டுவரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதையும் மதிக்கிறேன். திருச்சி சிவா அவர்கள் திருநர் உரிமைகளுக்காகக் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று ஏகமனதாக நிறைவேற்றியது. தமிழர்கள் எல்லோரும் பெருமைப்பட வேண்டிய நாள். ஆனால் அந்த மசோதா மக்களவையில் சட்டமாகவில்லை. பிறகு வந்தது அரசின் வேறு மசோதா. சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தமே 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். தவிர, எம்.பி.யை அணுகுவது என்பது மும்பைத் தமிழருக்கு இரட்டைச் சிரமம். தாராவியும் சயான் கோலிவாடாவும் வடாலாவும் தென்மத்திய மும்பைத் தொகுதியில் இருக்கின்றன. ஓட்டு இங்கே இருப்பதால் தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு நாங்கள் தொகுதி மக்கள் அல்ல. இங்குள்ள எம்.பி.யிடம் போனால் மராத்தியிலோ இந்தியிலோ பேசுவதற்கு உடன் ஓர் ஆள் வேண்டும். ஆகவே நேராக மனு என்ற வழி எங்களுக்கு ரொம்ப முக்கியம்.

இனி அந்த வழியில் இருக்கும் முள்ளுக்கு வருகிறேன்.

மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்கிறது விதி. வேறு இந்திய மொழியில் எழுதினால் மனுதாரர் கையொப்பமிட்ட இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பும் கூடவே வர வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண், தனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் ஒரு தாளில், இதுதான் நான் சொன்னது என்று கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. எங்கள் மனுவின் ஆங்கில வடிவத்தைப் படித்துக் காட்டியபோது ஒரு பெரியம்மா, “நான் சொன்னதுதான் இதுல இருக்குன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நீ சொல்றதை நம்பிப் போடுறேன்” என்றார். என்னை நம்பிப் போட்டார். நாடாளுமன்றத்தோடு அவருக்கு இருக்க வேண்டிய நேரடி உறவுக்கு நடுவில் நான் வந்து நிற்கிறேன். நான் நேர்மையாக மொழிபெயர்ப்பேன். எல்லா ஊரிலும் மொழிபெயர்ப்பவர் அப்படியே இருப்பாரா? வேறு யாரோ காசு வாங்கிக்கொண்டு வேறு எதையோ எழுதினால்?

அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறைதீர்க்கக் கோரி ஒன்றியத்தின் அல்லது மாநிலத்தின் எந்த அதிகாரிக்கும் அமைப்புக்கும், அங்கே வழங்கும் எந்த மொழியிலும் முறையீடு செய்ய ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது அது. நாடாளுமன்றத்தின் மனுக்கள் குழு அந்தப் பிரிவின் கீழ் வருமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். எனக்கு வாதம் வேண்டாம். ஒரு தாலுகா ஆபீசில் இருக்கும் மொழியுரிமை நாட்டின் மிக உயர்ந்த அவையில் குறைந்துபோவது சரியா என்று மட்டும் கேட்கிறேன். மக்களவையில் எங்கள் எம்.பி.க்கள் தமிழில் பேசினால் உடனுக்குடன் மொழிபெயர்த்து மற்ற உறுப்பினர்களின் காதில் சேர்க்கிறீர்கள். அந்த ஏற்பாடு உறுப்பினருக்கு இருக்கிறது. அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவளுக்கு இல்லை. மனுவைத் தமிழில் வாங்கி, உங்கள் செயலகமே மொழிபெயர்த்து, அந்த மொழிபெயர்ப்பை மனுதாரருக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லலாம். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் இதைச் செய்யலாம். மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருக்கும் அவைக்கு இது முடியாத காரியமல்ல.

முகவரி என்ற கட்டத்தையும் பாருங்கள். முழு முகவரி என்கிறது விதி. கையெழுத்துத் தாளில் எங்கள் பெண்கள் எழுதுவது இப்படி இருக்கிறது: கோலி எண், சாலின் (வரிசை வீட்டுக் கட்டடத்தின்) பெயர், பொதுக் குழாய்க்கு எதிரே, இன்ன கோயிலுக்குப் பின்புறம். ஒரே எண் இரண்டு கோலிக்கு இருக்கிறது. தாராவியில் மறுசீரமைப்பு வருகிறது, அடுத்த ஆண்டு எங்கே இருப்போம் என்று கையெழுத்துப் போட்டவருக்கே தெரியாது. அவர் பெயருக்கு வரும் கடிதம் திரும்பிப் போய்விடும். வாக்காளர் அடையாள அட்டை எண்ணும் ஒரு செல்போன் எண்ணும் இருந்தால் போதும் என்று மாற்றுங்கள். அந்தப் போனுக்கு, அவர் மொழியில், மனு எந்த நிலையில் இருக்கிறது என்று செய்தி போகட்டும்.

கடிதமோ பிரமாணப் பத்திரமோ வேறு ஆவணமோ மனுவோடு இணைக்கக் கூடாது என்று இன்னொரு விதி. குப்பை சேரக் கூடாது என்று வைத்திருப்பீர்கள், புரிகிறது. ஆனால் சட்டம் கேட்டு வருபவர்கள் சட்ட வரைவை எங்கே வைப்பார்கள்? மாதிரி மசோதா ஒன்றை இணைக்க மட்டுமாவது அனுமதியுங்கள்.

வெளிநாடுகளில் இதற்கு எண் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் தருகிறது. ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிக்கிறார்கள். பின்லாந்தில் 2012 முதல், ஆறு மாதத்தில் 50,000 வாக்காளர்கள் கையெழுத்திட்டால் அவர்கள் எழுதிய வரைவை நாடாளுமன்றம் எடுத்தே ஆக வேண்டும். அப்படித்தான் அங்கே ஒரே பாலினத்தவருக்கும் சமத் திருமண உரிமை சட்டமானது. பிரேசிலில் குற்றப் பின்னணி உள்ளவர்கள் தேர்தலில் நிற்பதைத் தடுக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் மக்கள் கையெழுத்திலிருந்து பிறந்தது. நம் ஜனத்தொகைக்கு ஏற்ற ஓர் எண்ணை நீங்களே வையுங்கள். அதைத் தொட்ட மனுவைக் கட்டாயம் விசாரிப்போம் என்று ஓர் உறுதி இருந்தால் போதும்.

எண்ணிக்கையே எல்லாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். நான் மும்பைத் தமிழச்சி. 1960களின் பிற்பகுதியில் இந்த நகரத்தில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய அலையையும், நம்மவர் ஓட்டல்கள் தாக்கப்பட்டதையும் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவள். அன்றைக்கு எங்களை ஊரை விட்டு அனுப்பச் சொல்லிக் கையெழுத்து வேட்டை நடந்திருந்தால் லட்சக்கணக்கில் சேர்ந்திருக்கும். சுவிட்சர்லாந்தில் 2009இல் மக்கள் முன்முயற்சியில்தான் மசூதிக் கோபுரங்களுக்குத் தடை வந்தது. ஆகவே கையெழுத்து சேர்ந்தால் அப்படியே சட்டம் என்ற முறையை நான் கேட்கமாட்டேன். சட்டம் இயற்றும் பொறுப்பு அவையிடமே இருக்கட்டும். அடிப்படை உரிமைகளுக்கு எதிரான மனுக்களை வாசலிலேயே நிறுத்துங்கள். கேட்கும் உரிமை, பதில் பெறும் உரிமை, முன்னால் நின்று பேசும் உரிமை, இவை போதும். நூறு பேர் மட்டுமே பாதிக்கப்பட்ட விஷயத்துக்கும் மனுக்கள் குழுவில் இடம் இருக்க வேண்டும். தொழுநோயிலிருந்து மீண்டவர்கள் எந்தக் காலத்திலும் பெரும்பான்மை அல்ல.

நேரில் கேட்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு வேலைக்குப் போகும் பெண் டில்லிக்கு வந்து போவதென்றால் ஒரு வாரச் சம்பளம் போகும், ஒன்றிரண்டு வீடும் போய்விடும். ஆய்வுப் பயணமாகக் குழுக்கள் மாநிலங்களுக்கு வருகின்றன அல்லவா? மும்பைக்கு வரும்போது ஒரு மாலை எங்கள் பக்கம் ஏதாவது பள்ளிக்கூடத்தில் உட்காருங்கள். வேலை முடிந்து ஐந்து மணிக்கு மேல் என்றால் நூற்றுக்கணக்கில் வருவார்கள்.

மும்பைத் தமிழ் அமைப்புகளுக்கும் இந்த மடலின் வழியாக ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் மண்டபத்தில் மாதத்துக்கு ஒரு நாள் மனு எழுத இடம் கொடுங்கள். சட்டம் படித்த நம் பிள்ளைகள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். ஒரு வரைவைச் சரிபார்க்க அவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

எங்கள் மனுவின் கோரிக்கைப் பகுதியை எழுதி முடித்துவிட்டோம். எழுத்தில் ஒப்பந்தம், வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு, நிறுத்தினால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ, பிரசவ கால உதவி, புகார் சொல்ல வார்டுக்கு ஓர் அதிகாரி. மனு தமிழில் இருக்கும். இன்றைய விதிப்படி ஆங்கில மொழிபெயர்ப்பும் கூடவே வரும். முதல் மனுதாரராகக் கையெழுத்திடப் போவது நான் அல்ல, வீட்டு வேலை செய்யும் ஒரு பெண். விசாரணைக்கு அழைத்தால் அவர்தான் வருவார். தமிழில்தான் பேசுவார். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்துவையுங்கள். தேதியை மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் வேலை பார்க்கும் வீடுகளில் சொல்லி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருத்தி
ஆன்டாப் ஹில், மும்பை